சொட்டுக்காடி: ஜன்னல் அடிப்பள்ளத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜன்னலுக்கு வெளியே, மழைநீர் சுவருக்குப் போகாமல் சொட்டிவிடுவதற்காக வெட்டும் சிறு பள்ளத்துக்குத் தமிழில் ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘நீர்வெட்டு’ என்று வைத்தால் என்ன? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் நீர்வெட்டு என்றதும் மின்வெட்டு மாதிரி, குழாயில் தண்ணீர் வராத நாள்தான் நினைவுக்கு வரும். இந்தப் பள்ளத்தின் ஆங்கிலப் பெயரான ‘த்ரோட்டிங்’ (throating) என்பதைப் பெயர்த்துத் ‘தொண்டை’ என்பதும் ஒட்டவில்லை.

நாம் பெயர் தேடுவது, ஜன்னலுக்குக் கீழே வெளியே நீண்டிருக்கும் கல் அல்லது மரப் பலகையின், அதாவது ‘சில்’லின் (sill) அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி நெடுக ஓடும் சிறு பள்ளத்துக்கு. விளிம்புக்கு வந்த மழைநீர் அப்படியே கீழே விழுந்துவிடுவதில்லை. அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்கிறது. பள்ளம் குறுக்கிட்டால் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏற முடியாமல் அங்கேயே திரண்டு சொட்டிவிடும்.

எங்கள் பழைய வீட்டில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. சிமென்ட் பூசிப் பார்த்தும் நிற்கவில்லை. ஒருநாள் சில்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். துளிகள் அடிப்பக்கமாகவே நகர்ந்து சுவரில் போய்ச் சேர்ந்தன. விரலால் தடவினால், பெயிண்டுக்கு அடியில் லேசான தாழ்வு தட்டுப்பட்டது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் பல வருடப் பெயிண்ட் நாடா போல உரிந்து வந்தது. (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.) மறுபடி ஊற்றினேன். தண்ணீர் பள்ளத்தைத் தாண்டவில்லை, வெளி விளிம்பிலேயே சொட்டியது.

பெயிண்ட் அடித்தவருக்கு அது வேண்டாத ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது. ‘இதை அடைக்காதீர்கள்’ என்று சொல்ல எனக்கும் ஒரு சொல் இருக்கவில்லை. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தச்சர்கள் மரத்தில் இழுக்கும் நீளப் பள்ளத்துக்குக் ‘காடி’ என்கிறார்கள். அதை எடுத்துச் ‘சொட்டுக்காடி’ என்று சொல்லலாம். புளித்த காடியோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் ‘சொட்டு’ நிற்கும்போது குழப்பம் வராது. வேலை செய்பவர் கேட்டதும் என்ன வெட்ட வேண்டும், எதற்காக என்பது இரண்டும் அந்த ஒரே சொல்லில் புரியும். ‘சொட்டுக்காடியை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள், இரு முனையிலும் சுவரைத் தொடவிடாதீர்கள்’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லை. அகலம் ரொம்பக் குறைந்தால் துளி பள்ளத்தின் மேல் பாலம் போட்டுக் கடந்துவிடும். முனை சுவரைத் தொட்டால் காடியே தண்ணீரைச் சுவருக்குக் கொண்டுபோகும்.

சில பழைய கற்கள் வெட்டினால் உடைந்துவிடும். அங்கே அடிப்பக்கத்தில் மெல்லிய அலுமினியக் கோணத்தை (L வடிவப் பட்டை) சீலன்ட் என்ற நீர்புகா பசை வைத்து ஒட்டுகிறோம். அது காடி இல்லை என்பதால் ‘சொட்டுப்பட்டை’ என்று தனியாக வைக்கலாம்.

அப்புறம், ‘சில்’ இன்னும் பாக்கி. ‘படிக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மரத்தில் செய்த சில்லை என்ன சொல்வது?