அப்பாவின் டி.பி.எஸ் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை, நடுக்கம் திரும்பிவிட்டது. உதவி வேண்டும்

காவிரிக்கரை | செவ்வாய், காலை 6:40

அப்பாவுக்கு 66 வயது. பார்கின்சன் வந்து 13 வருடம் ஆகிறது. 2021-ல் சென்னையில் டி.பி.எஸ் அறுவை செய்தோம், அதாவது மூளைக்கு மின்தூண்டல் கொடுத்து நடுக்கத்தை அடக்குகிற மெஷின் வைத்தார்கள். மூளையில் இரண்டு பக்கமும் கம்பி, வலது காறை எலும்புக்குக் கீழே ரீசார்ஜ் செய்கிற பேட்டரி. நாங்கள் இருப்பது கும்பகோணம்.

இத்தனை நாளும் வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போடுவோம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போன மாதத்திலிருந்து அரை நாள் வைத்தாலும் கால்வாசி ஏறவில்லை. சார்ஜரில் நான்கு கட்டம் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிகிறது. அதுவும் அப்பா மூச்சை இழுத்துவிட்டால் மறைந்துபோகிறது. சார்ஜர்தான் கோளாறு என்று நினைத்து மாற்று சார்ஜர் வரவழைத்தோம். அதிலும் இதே கதை.

இன்று விடிகாலை 4 மணிக்கு அம்மா எழுப்பினார். அப்பா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் நெஞ்சில் கொட்டியிருந்தது. இரண்டு கையும் நடுங்குகிறது. நாலு வருடமாக இந்தக் கையை நாங்கள் பார்க்கவில்லை. ரிமோட்டை வைத்துப் பார்த்தால் மெஷின் ஆஃப் என்று காட்டுகிறது. ஆன் செய்தால் சார்ஜ் போதாது என்கிறது.

அறுவைக்கு முன்னால் ஒரு நாளைக்கு 7 சின்டோபா (பார்கின்சன் மாத்திரை), இப்போது 3. பழையபடி ஏழாக்கிக் கொடுத்துவிடலாமா? வலது தோளில் வலி என்பதால் நாளைக்கு பிசியோதெரபி சென்டரில் சூட்டு சிகிச்சைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் போகலாமா? மெஷினையே மாற்ற வேண்டி வருமோ என்று வேறு பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி | காலை 7:05

தங்கச்சி, முதலில் நியூரோ டாக்டருக்கு போன் போடுங்கள். மெஷின் நின்றுவிட்டது என்ற வார்த்தையை முதல் வரியிலேயே சொல்லுங்கள். "நடுக்கம் அதிகமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் ஓ.பி.க்கு வாருங்கள் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் இரண்டு நாள் வீணானது.

மாத்திரையை நீங்களாக ஏழாக்காதீர்கள். எங்களுக்கு டாக்டர் போனிலேயே கணக்குச் சொன்னார், எத்தனை மணிக்கு எத்தனை என்று. அவர் சொல்கிற வரைக்கும் இப்போதுள்ள மூன்றை நேரம் தவறாமல் கொடுங்கள், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பு, முட்டை, பால் கூடவே போனால் மாத்திரை சரியாக ஏறாது.

காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு கட்டை மாதிரி இறுகினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். நேரே காஷுவால்டி. உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். மெஷினின் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி | காலை 7:35

நான் பயோமெடிக்கல் என்ஜினியர், இந்தக் கருவிகளோடு பல வருடப் பழக்கம். செவ்வந்தி அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். அது முடிந்ததும் இதைப் படியுங்கள்.

இரண்டு கையும் ஒன்றாக நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான குறிப்பு. ஒரு பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் அந்தப் பக்கத்துக் கம்பி கழுத்தில் எங்கேயோ அறுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். கழுத்தைத் திருப்பும்போது சுரீர் என்று ஷாக் அடித்தாலும் அதே சந்தேகம்தான். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமானால் நோய் கூடியிருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் வந்தால் மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம், ரிமோட்டும் அதையே சொல்கிறது. மெஷின் நின்றால் நடுக்கம் சில நிமிடத்திலேயே வந்துவிடும். உடம்பு இறுக்கம் அரை மணி, ஒரு மணியில் வரும். நடையும் பேச்சும் இன்னும் சில மணி நேரம் தாங்கும். ஆகவே அப்பா இப்போது நன்றாக நடக்கிறார் என்று தனியாகக் கொல்லைப்பக்கம் விடாதீர்கள்.

இப்போது சார்ஜ் விஷயம். இதில் ஒயர் இணைப்பு கிடையாது. சார்ஜருக்குள் ஒரு சுருள், நெஞ்சுக்குள் இருக்கிற பேட்டரியில் ஒரு சுருள். இரண்டும் நேருக்கு நேர், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் மின்சாரம் தாண்டும். சில மாடல்களில் தோலுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சதை வந்தாலே தடுமாறும். சார்ஜரை மாற்றியும் அதே கதை என்றால் கோளாறு சார்ஜரில் இல்லை, பேட்டரி இருக்கிற இடத்தில் இருக்கிறது. இரண்டு விஷயம் கேட்கிறேன். அறுவைக்குப் பிறகு அப்பா எடை கூடினாரா? பேட்டரி இருக்கிற இடத்தை அடிக்கடி தொட்டு அசைப்பாரா?

தளிர் | காலை 7:50

பிசியோதெரபிஸ்ட் எழுதுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அந்தச் சூட்டு சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

நம் சென்டர்களில் "சூடு வைப்பது" என்றால் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.டி, அதாவது ஷார்ட்வேவ் டயதெர்மி. டி.பி.எஸ் வைத்தவருக்கு அது கூடவே கூடாது. மெஷின் ஆஃபில் இருந்தாலும் கூடாது, தோளுக்குப் பதில் முழங்காலுக்கு என்றாலும் கூடாது. அந்த அலையை உடம்புக்குள் ஓடும் கம்பி ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். கம்பியின் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள உலோக வளையங்கள் இருக்கின்றன. அந்தச் சூடு முழுவதும் அங்கே போய், மூளைக்குள் இறங்கும். 2001-ல் ஒரு மருத்துவ இதழில் இப்படி ஒரு சம்பவம் வெளியானது. பல் பிடுங்கிய பிறகு வலிக்காகத் தாடைப் பக்கம் டயதெர்மி கொடுத்தார்கள், அந்த நோயாளிக்கு மீளவே முடியாத மூளைச் சேதம். 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இது பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது.

மைக்ரோவேவ் டயதெர்மியும், வலிக்கு ஜெல் தடவி உருட்டுகிற அல்ட்ராசவுண்டும் இதே வகைதான். டென்ஸ், ஐ.எஃப்.டி மாதிரி கரண்ட் வைப்பதையும் மூளை நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தோள் வலிக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் போதும், பேட்டரி மேல் படாமல். கையைத் தூக்கும் பயிற்சிகளை நான் எழுதித் தருகிறேன். சென்டருக்குப் போகிற யாராக இருந்தாலும் சட்டையைக் கழற்றும்போதே மெஷின் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தலைமுடி வளர்ந்து தழும்பை மூடிவிடுவதால் எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

காவிரிக்கரை | காலை 9:20

தளிர், படித்ததும் என் கை நடுங்கிவிட்டது. அந்த சென்டரில் பார்கின்சன் என்று சொல்லியிருந்தோம், மெஷின் பற்றிச் சொல்லவே இல்லை. டோக்கனை ரத்து செய்துவிட்டேன்.

டாக்டரிடம் பேசினேன், மாத்திரையை ஐந்தாக்கி நேரம் சொன்னார். சென்னைக்கு வரச்சொல்கிறார்.

மின்கம்பி சார், எடை 58-லிருந்து 69 ஆகியிருக்கிறது. அசைப்பது பற்றி நீங்கள் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா பேப்பர் படிக்கும்போது இடது கை சட்டைக்குள் போய்விடும். பேட்டரியின் ஓரத்தை விரலால் நெம்பி நெம்பி உருட்டிக்கொண்டே இருப்பார். அரிக்கிறது என்பார். வருடக்கணக்காக நடக்கிறது, நாங்கள் கவனித்ததே இல்லை. இப்போது தொட்டுப் பார்த்தால் முன்பு வழவழவென்று இருந்த இடத்தில் கயிறு சுருட்டி வைத்த மாதிரி தட்டுப்படுகிறது.

மின்கம்பி | காலை 9:45

அப்படியானால் பேட்டரி உள்ளே புரண்டிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரிக்குப் பின்பக்கம் இருக்க வேண்டிய ஒயர் சுருள் முன்னால் வந்திருக்கிறது, அதுதான் விரலுக்குத் தட்டுப்படுகிறது. புரண்டுவிட்டால் சார்ஜ் சுருள் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், எத்தனை சார்ஜர் மாற்றினாலும் ஏறாது. எடை கூடும்போது தோலுக்கடியில் பேட்டரி உட்கார்ந்திருக்கிற பை தளர்ந்து இடம் கொடுக்கும். டி.பி.எஸ்-க்குப் பிறகு எடை கூடுவது நிறையப் பேருக்கு நடப்பதுதான்.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, அறுவை முடிந்ததும் எடுத்த பழைய எக்ஸ்ரேயோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். பேட்டரியின் அடையாள எழுத்து படத்தில் தெரியும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித் தெரிந்தால் புரண்டது உறுதி. நீங்களாகப் பிடித்துத் திருப்ப முயற்சி செய்யாதீர்கள். ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தால் இழுபட்டு, மூளைக்குள் இருக்கிற நுனி இடம் மாறலாம். சென்னையில் இம்பீடன்ஸ், அதாவது ஒயரில் கரண்ட் ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் எங்காவது அறுந்திருந்தால் அந்த எண் எக்கச்சக்கமாக ஏறிக் காட்டும். சரியாக இருந்தால் மூளைப் பக்கம் தொட வேண்டிய அவசியமே இல்லை, நெஞ்சுப் பையை மட்டும் சரிசெய்தால் போதும்.

முழுசாக வடிந்த பேட்டரி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான மாடல்களை ஆஸ்பத்திரியில் உயிர்ப்பிக்கலாம்.

காவிரிக்கரை | செவ்வாய், பகல் 12:10

ராத்திரி ரயிலுக்குக் கிளம்புகிறோம். அண்ணன் ஒன்று கேட்கிறான். மூளையின் அலையைத் தானாகவே படித்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற புது மெஷின் வந்திருக்கிறதாமே, செலவோடு செலவாக அதையே வைத்துவிடலாமா?

மின்கம்பி | பகல் 1:00

வந்திருப்பது உண்மை. 2020-லிருந்து சில கருவிகள் மூளைக்குள் இருக்கிற அதே கம்பி வழியாகவே அலையைப் பதிவு செய்கின்றன. பார்கின்சனில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலை தூக்கலாக இருக்கும், மாத்திரையோ மின்தூண்டலோ வேலை செய்யும்போது அடங்கும். அதைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிற முறைக்கு 2025-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. 1987-ல் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் பெனாபிட் என்ற மூளை அறுவை மருத்துவரின் குழு, மூளையில் கரண்டால் வேகமாகத் தட்டினால் நடுக்கம் நிற்கிறது என்று கண்டுகொண்டது. அப்போதிலிருந்து இத்தனை வருடமாக நாம் ராப்பகலாக ஒரே அளவில்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம், பொதுவாக நொடிக்கு 130 தடவை. கேட்டுக்கொண்டே தட்டுவது அடுத்த படி.

ஆனால் உங்கள் அப்பாவின் பிரச்சினை அது இல்லை. புது மெஷினும் அதே பைக்குள் புரளும். நான்கு வருடம் நன்றாக ஓடியதை அவசரத்தில் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ஜ் போடுவதே வீட்டில் பாரம் என்றால் சார்ஜ் தேவைப்படாத வகை பற்றிப் பேசலாம். அது பொதுவாக 3 முதல் 5 வருடம் வரும், அப்புறம் நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும்.

காவிரிக்கரை | ஞாயிறு, மாலை 5:15

எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். எக்ஸ்ரேயில் எழுத்து மாறித்தான் இருந்தது. பேட்டரி முழுசாகப் புரண்டு, ஒயர் மூன்று சுற்று முறுக்கியிருந்தது. இம்பீடன்ஸ் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை நெஞ்சை மட்டும் மரத்துப்போகச் செய்து, பையைத் திறந்து, முறுக்கைப் பிரித்து, பேட்டரியைத் திருப்பி வைத்து, இரண்டு இடத்தில் தசையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பழைய பேட்டரியேதான்.

மெஷினை ஆன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார். முதலில் வலது கட்டைவிரல் நின்றது, அப்புறம் கை முழுவதும். அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நடை மறுநாள்தான் பழையபடி வந்தது. மாத்திரை திரும்ப மூன்று.

தையல் பிரிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கை போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அரிப்பு, வறண்ட தோலால் வந்ததாம், களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அம்மா அப்பாவின் பனியனில் வலது பக்கம் உள்ளே ஒரு துணிப்பை தைத்திருக்கிறார், சார்ஜர் வட்டு நகராமல் உட்கார. இன்று முதல் தடவையாகப் போட்டோம். நான்கு கட்டமும் வந்தது, 50 நிமிடத்தில் நிறைந்துவிட்டது.

செவ்வந்தி | மாலை 5:40

அந்தப் பனியன் தைத்த அளவைக் கொஞ்சம் எழுதுங்கள் தங்கச்சி. என் வீட்டுக்காரர் இன்னும் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

காவிரிக்கரை | மாலை 6:30

அம்மா சொல்கிறார் அக்கா: நெஞ்சில் பேட்டரி இருக்கிற இடத்தைப் பனியனுக்கு மேலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் வட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாகப் பழைய வேட்டித் துணி ஒன்று. மேல்பக்கம் திறந்து விட்டு, மற்ற மூன்று பக்கமும் நெருக்கமாகத் தையல். பித்தான், ஊக்கு எதுவும் வேண்டாம்.