ஃபோர் வீல் விழுகிறது, எடுத்தால் வரவில்லை: பழைய எம்.எம். 540

ஏலக்காட்டான்:
போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றிப்போகும் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். பல கை மாறி வந்த வண்டி. மேட்டில் ஃபோர் வீல் (நான்கு சக்கர இழுப்பு) லீவரைப் போட்டால் உடனே விழுகிறது, முன் சக்கரமும் நன்றாக இழுக்கிறது. தார் ரோட்டுக்கு வந்து லீவரை எடுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங்கும் கனத்துவிடுகிறது. ரிவர்ஸில் கொஞ்சம் எடுத்தால் ‘டொக்’கென்று விடுபடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டி) இறக்கி ஃபோர்க், பேரிங் எல்லாம் மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். என்னவாக இருக்கும்?

மலைப்பாதை:
ஷிஃப்ட் ராடு துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலையும் மாற்றிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:
துருவென்றால் போடும்போதும் இறுகும் அல்லவா? போடும்போது வெண்ணெய், எடுக்கும்போது மட்டும் வம்பு என்றால் பெட்டிக்குள் கோளாறு எதுவுமில்லை. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கி முறுக்கைத் தளர்த்திவிடும். தாரில் வழுக்காது, முறுக்கு முழுக்கக் கியர் பல்லில் ஏறும். ரிவர்ஸ் எடுத்தால் அது கழன்றுகொள்கிறது.

தம்பி, ஒன்று சொல்லுங்கள். வளைவில் திரும்பிய பிறகு மட்டும் இறுகுகிறதா, நேராகப் போனாலும் இறுகுகிறதா? வளைவில் மட்டும் என்றால் அது இந்த வண்டியின் குணம். தாரில் ஃபோர் வீல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஏலக்காட்டான்:
நேராகப் போனாலும் இறுகுகிறது ஐயா. நான்கும் 6.00-16 டயர்தான், ஒரே நேரத்தில் வாங்கியது.

பழைய ஸ்பேனர்:
டயர் அளவு ஒன்றுதான் என்றால், இரண்டு ஆக்சிலிலும் கிரௌன் பினியன் (உள்ளே இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) ரேஷியோ ஒன்றுதானா என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்து ஜீப்புகள் பாதி, பழைய இரும்புக் கடையில் பிறந்தவை. முன் ஆக்சில் ஒரு வண்டியுடையது, பின் ஆக்சில் வேறொன்றுடையது.

சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். கட்டை இல்லாமல் அடியில் தலையை நீட்ட வேண்டாம். ஃபோர் வீலை எடுத்துவிட்டு முன்னால் ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் லாக் ஹப் இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு ஒன்று, டயரில் ஒன்று. சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எதிர்ச் சக்கரம் நிற்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் கிரௌன் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்பதே ரேஷியோ. பிறகு பின்னாலும் இதே வேலை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயிலேயே இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் அசையாது.

பினியனில் 8 பல், கிரௌனில் 43 என்றால் 5.38. பழைய சி.ஜே. 3பி ஜீப் காலத்து ஆக்சிலில் வருவது. 39 என்றால் 4.88.

ஏலக்காட்டான்:
எண்ணினேன். முன்னால் ஐந்தைத் தாண்டி இன்னும் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் ஐந்தைத் தொடவே இல்லை!

பழைய ஸ்பேனர்:
பிடிபட்டது. முன்னால் 5.38, பின்னால் 4.88. பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தோடு இத்தனை நாள் பல் உடையாமல் இருந்ததே பெரிது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் முன் இதை எண்ணாத மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள்.

மாற்றும்வரை முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வையுங்கள். லோ கியர் அப்போதும் கிடைக்கும், இழுப்பு மட்டும் பின்னால்தான்.

ஏலக்காட்டான்:
எந்தப் பக்கத்தை மாற்றுவது?

பழைய ஸ்பேனர்:
சுமையோடு மேடு ஏறுவதே வேலை என்றால் பின்னாலும் 5.38 போடுங்கள். சமவெளியில் வேகம் குறையும், இன்ஜின் கத்தும். போடிக்கும் தேனிக்கும் அடிக்கடி ஓட்டுவதென்றால் முன்னால் 4.88. கிரௌனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள், தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்த்தால் ஊளையிடும். பின்பக்கத்தை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் இப்போதைவிடக் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.