டீசல் இணைப்புகளில் கசிவை நிறுத்துவது மரையா, வாஷரா?

ஏலமலை ஜீப்:
அனைவருக்கும் வணக்கம். போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப் ஒன்றை வைத்திருக்கிறேன். இரண்டு மாதங்களாக, இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் எளிதில் கிளம்புவதில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைப்பிடியை இருபது, முப்பது முறை அடித்த பிறகே டீசல் ஏறுகிறது. மேட்டை நோக்கி நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் ஓரளவு பரவாயில்லை. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக், எங்கோ காற்று இழுக்கிறது என்று சொல்லி, ஃபில்டர் தலையிலும் ஃபீட் பம்பிலும் இருந்த எல்லா போல்ட்டுகளையும் கழற்றி, மரையில் (திருகுப் புரியில்) குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினார். பத்து நாட்கள் நன்றாக இருந்தது. இப்போது மறுபடியும் அதே தொல்லை. டேப் சுற்றிய முறை தவறா, அல்லது டேப் சுற்றியதே தவறா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள்.

திருகாணி:
திண்டுக்கல்லில் பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். டேப் சுற்றியது தவறில்லை. சுற்றிய விதத்தில்தான் தவறு நேர்ந்திருக்கும். போல்ட்டின் முனையை நம்மைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக, அதாவது திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முனையில் இரண்டு மரையை வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று சுற்றுப் போட்டால் போதும். டெஃப்லானை டீசலும் கரைக்காது, பெட்ரோலும் கரைக்காது. டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போகும், அதனால் டேப் கூடாது என்று பல பட்டறைகளில் சொல்கிறார்கள். ஆனால் நான் சுற்றிக் கொடுத்த வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டிக்காரர் வருமானத்தை இழந்து நிற்கும்போது, கையில் இருப்பதைக் கொண்டு சரிசெய்து அனுப்புவதே மெக்கானிக்கின் கடமை என்று நினைக்கிறேன்.

பம்ப் மேசை:
மதுரையில் டீசல் பம்ப் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். திருகாணி தம்பி டேப் சுற்றும் முறையைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் எந்த இணைப்பைப் பற்றிப் பேசுகிறார் என்பதில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது.

ஃபில்டர் தலையிலும் ஃபீட் பம்பிலும் இருப்பவை பான்ஜோ போல்ட்டுகள். போல்ட்டின் நடுவே துளை, பக்கவாட்டில் குறுக்குத் துளை, அதைச் சுற்றிக் குழாயின் வளையம், வளையத்துக்கு மேலே ஒரு செம்பு வாஷர், கீழே ஒரு செம்பு வாஷர் என்பது அதன் அமைப்பு. டீசல் போல்ட்டின் உள்ளே போய்க் குறுக்குத் துளை வழியாக வளையத்துக்குள் வருகிறது. இப்போது மரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மரையின் அடிப்பக்கத்திலும் டீசல் நிற்கிறது. மேல்பக்கத்தில், வளையத்தின் உட்புறத்திலும் அதே டீசல் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே டீசல் இருக்கும் இடத்தை அடைத்து என்ன பயன்? டீசல் வெளியேறவோ காற்று உள்ளே நுழையவோ இரண்டே வழிகள்தான் இருக்கின்றன: ஒன்று மேல் வாஷர், மற்றொன்று கீழ் வாஷர். அந்த மரையில் பத்துச் சுற்று டேப் போட்டாலும் அந்த இரண்டு வழிகளில் ஒன்றுகூட அடைபடாது. பத்து நாட்கள் நன்றாக இருந்ததற்குக் காரணம், கழற்றி மாட்டியபோது வாஷர் சற்று வேறு இடத்தில் அழுந்தி உட்கார்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

செம்பு ஒருமுறை நசுங்கினால் கடினமாகிவிடும். கடினமான வாஷரை மறுபடியும் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அது முகத்தில் உள்ள கீறல்களுக்குள் இறங்கி அமராது. புதிய வாஷர் கிடைக்காவிட்டால், பழையதை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுடவைத்துத் தண்ணீரில் போடுங்கள். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், செம்போ மென்மையாகும். மேலே படிந்த கறுப்பு ஏட்டை நீக்கி, கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமெரித் தாளை விரித்து, இரு முகங்களையும் தேய்த்துச் சமப்படுத்தி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை அது. அதற்காகும் செலவும் ஒன்றுமில்லை.

திருகாணி:
ஐயா சொன்ன பான்ஜோ விளக்கத்தை மறுக்க முடியவில்லை; அந்த ஒன்றில் மரையில் டேப் சுற்றுவது பயனற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வண்டியின் டீசல் பாதையில் பான்ஜோ மட்டுமா இருக்கிறது? டேங்கிலிருந்து வெளிவரும் எல்போ என்ற வளைந்த இணைப்பு, சில பழைய ஃபில்டர்களின் நிப்பிள் என்ற குட்டைக் குழாய், பின்னாளில் யாரோ பொருத்திய தண்ணீர் பிரிப்பான் ஆகியவை எல்லாம் வாஷரே இல்லாமல் மரையிலேயே இறுகி நிற்பவை. அவற்றை வெறும் மரையாக மாட்டினால் கண்டிப்பாகக் கசியும். டேப்பின் துணுக்கு உள்ளே போகும் என்ற அச்சத்துக்கு, ஃபில்டர் என்ற ஒன்று வண்டியில் இருக்கிறதே என்பதுதான் என் பதில். அதைத் தாண்டி எது போய்விடும்?

மரைமானி:
ஓசூரில் உதிரிபாகத் தயாரிப்பில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். நாள்தோறும் மரைகளை அளப்பதே என் வேலை என்பதால் இந்த விவாதத்தில் கலந்துகொள்கிறேன்.

இருவரும் இரண்டு வேறு மரைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நேர் மரை என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விட்டம் கொண்டது. அதன் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. கசிவை நிறுத்துவது வாஷரோ, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ, கூம்பு முகமோதான். டேப்பர் மரை என்பது நீளத்தில் 16 பங்குக்கு விட்டத்தில் 1 பங்கு என்ற கணக்கில் பருத்துக்கொண்டே போவது. ஆப்பு போல இறுகி, மரையே கசிவைத் தடுக்கிறது. அப்படி இறுகினாலும் மரையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருள் போல ஒரு நுண்ணிய வழி எஞ்சியிருக்கும். அதனால்தான் சாதாரண டேப்பர் மரைக்கு அடைப்புப் பொருள் தேவைப்படுகிறது. இந்த இடத்தில் திருகாணி அண்ணா சொல்வது சரி.

ஆனால் கசிகிறது என்று டேப்பைத் தேடுவதற்கு முன், இரண்டு மரைகளும் ஒரே இனம்தானா என்று பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பிரிட்டிஷ் குழாய் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்கக் குழாய் மரையின் கோணம் 60 பாகை. கால் அங்குல அளவில் முன்னதற்கு ஒரு அங்குலத்துக்கு 19 மரை, பின்னதற்கு 18 மரை. இரண்டு மூன்று சுற்று வரை ஒன்றுக்குள் ஒன்று நன்றாகவே போகும். அதன் பிறகு கடினமாகும். நன்றாக இறுகிவிட்டது என்று கை ஏமாந்துவிடும். 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடையும் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையேயான தூரம்) கொண்ட மெட்ரிக் மரையும், 9.73 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் மரையும் இதைவிட மோசமாகக் குழப்பும். இப்படி மாறிப்போன இணைப்பில் டேப்பைச் சுற்றினால் கசிவு சில நாட்கள் மறைந்திருக்கும். அலுமினிய ஃபில்டர் தலையின் மரையோ நிரந்தரமாகச் சிதைந்துவிடும். மரை அளவி என்ற சிறிய தகட்டுக் கட்டு ஒன்று எல்லாப் பட்டறையிலும் இருந்தாக வேண்டும்.

டெஃப்லானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மிகவும் வழுக்கும். உராய்வு குறைவதால், வழக்கமான கைப்பலத்துக்கே மரை கூடுதலாக உள்ளே போய்விடும். டேப்பர் மரை ஆப்பாகிவிடுவதால், வார்ப்பு அலுமினியம் விரிசல் விடுகிறது. அப்படி விரிந்து திரும்பி வந்த ஃபில்டர் தலைகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

டேப்பர் மரைக்கு நான் பரிந்துரைப்பது, காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் திரவ அடைப்பான். மரைகளுக்கு நடுவில் சிக்கியது கெட்டியாகும். உள்ளே வழிந்தது திரவமாகவே இருந்து டீசலோடு போய்விடும். நூல் போலத் துணுக்குகள் உருவாகாது. எரிபொருளைத் தாங்கும் என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

திருகாணி:
அந்தத் திரவத்தையும் பயன்படுத்திப் பார்த்தவன் நான். டீசல் ஊறிய மரையில் அது இறுகவே இல்லை. துத்தநாகப் பூச்சு உள்ள நிப்பிளில் மறுநாளும் ஈரமாகவே இருந்தது. வண்டியை உடனே கிளப்பவும் முடியாது. இறுகிய பிறகு கழற்ற வேண்டுமானால் ஸ்பேனர் வழுக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது. மலைப்பாதையில் நின்றுபோன வண்டிக்கு இது எப்படி உதவும்?

மரைமானி:
அண்ணா சொல்லும் குறைகள் அனைத்தும் உண்மை. மரையை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து உலர்த்தாவிட்டால் அது வேலை செய்யாது. பித்தளையிலும் இரும்பிலும் விரைவாக இறுகும். துத்தநாகப் பூச்சிலும் துருப்பிடிக்காத எஃகிலும் மெதுவாகத்தான் இறுகும், முதலில் தூண்டுதிரவம் பூச வேண்டியிருக்கலாம். முழு வலு பெற ஒரு நாள் விடுவது நல்லது. கழற்றும் தேவை இருக்கும் இடத்தில், வலு குறைந்த வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் இணைப்பில் ஒருபோதும் இடக் கூடாது. பல பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்யும். ஆனால் இவை கவனமாகச் செய்ய வேண்டியவை என்பதற்கான காரணங்களே தவிர, டேப்புக்குத் திரும்புவதற்கான காரணங்கள் அல்ல.

பம்ப் மேசை:
ஃபில்டர் இருக்கிறதே என்று திருகாணி தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு வந்த பம்புகளில் பலவற்றின் கதை அதுதான். ஃபில்டருக்குப் பிறகும் இணைப்புகள் இருக்கின்றன. அங்கே பிய்ந்த துணுக்கைத் தடுக்க எதுவுமில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையின் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். பம்பின் உள்ளே பிளஞ்சர் என்ற தண்டுக்கும் அது ஓடும் உருளைக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. சரி, ஃபில்டருக்கு முன்னால் சுற்றினால் பாதகமில்லையே என்பீர்கள். ஃபில்டருக்கு முன்னால் ஃபீட் பம்ப் இருக்கிறது. அதற்குள் இரண்டு சிறிய வால்வுகள் இருக்கின்றன. ஒரு மெல்லிய டேப் நூல் அந்த வால்வின் இருக்கையில், அதாவது வால்வு மூடி அமரும் இடத்தில், ஒட்டிக்கொண்டால் வால்வு முழுவதும் மூடாது. இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். காலையில் வண்டி கிளம்பாது. தம்பி ஏலமலை சொல்லும் குறைபாடும் இதுவேதான். காற்று இழுக்கிறது என்று மறுபடியும் டேப் சுற்றுவார்கள். துணுக்கு இன்னும் கூடும்.

ஏலமலை தம்பிக்கு: உங்கள் வண்டியில் டேங்க் ஃபீட் பம்பைவிடத் தாழ்வாக இருப்பதால் வெளியே சொட்டாது, உள்ளேதான் காற்று போகும். ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் குழாயைத் தற்காலிகமாக இணைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். குமிழ் வந்தால் குறை டேங்க் பக்கம். வராவிட்டால் வால்வையோ அதற்கு மேலுள்ள வாஷர்களையோ சந்தேகிக்க வேண்டும். இன்ஜெக்டருக்குப் போகும் உயரழுத்தக் குழாய்கள் உலோகக் கூம்போடு உலோகக் கூம்பு அமர்ந்து அடைபடுபவை. அங்கே டேப், பசை, திரவம் எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே கசிகிறதா என்று விரலால் தடவியும் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படிப் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

புல்லட் பிரியன்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். பெட்ரோல் டேங்கின் குழாய்த் திருகில் சிலிகான் பசை தடவலாமா? முன்பு ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைத் தடவுவார்கள் என்று அப்பா சொல்வார்.

மரைமானி:
சாதாரண சிலிகான் பசை பெட்ரோலில் ஊதிக் குழைந்துவிடும். பிய்ந்து கார்புரேட்டருக்குள் போகும். ஷெல்லாக் அக்காலப் பெட்ரோலைத் தாங்கியது. ஆனால் அது ஆல்கஹாலில் கரையும் பொருள். இன்று நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தத் திருகில் நார் வாஷரோ ரப்பர் வளையமோ இருக்கும். எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து அதை மாற்றுவதே போதும்.

ஏலமலை ஜீப்:
நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பம்ப் மேசை ஐயா சொன்னபடி கண்ணாடிக் குழாய் இணைத்துப் பார்த்தோம். குமிழ் தொடர்ச்சியாக வந்தது. ஃபீட் பம்பைப் பிரித்தபோது ஒரு வால்வின் இருக்கையில் வெள்ளை நூல் ஒன்று, கிட்டத்தட்ட அரை அங்குல நீளத்தில், ஒட்டியிருந்தது. ஃபில்டர் தலையில் இருந்த வாஷர்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாகவும், ஓரம் நசுங்கியும் இருந்தது. எல்லா டேப்பையும் சுரண்டி எடுத்துவிட்டு, வாஷர்களைப் புதிதாக மாற்றினோம். காலையில் கைப்பம்பை அடிக்கும் தொல்லை பெருமளவு குறைந்தது; ஆனால் குமிழ் நிற்கவில்லை. கடைசியில் டேங்கின் எல்போவைக் கழற்றினோம். அதில் வாஷருக்கு இடமே இல்லை, டேப்பர் மரை. திருகாணி அண்ணா சொன்னது அங்கே பொருந்தியது. மரையைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, திரவ அடைப்பானை முதல் மரையை விட்டுத் தடவி, ஞாயிறு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்தோம். நேற்றும் இன்றும் மேட்டை நோக்கி நிறுத்திய வண்டி, கைப்பம்பைத் தொடாமலே கிளம்பியது.

திருகாணி:
மகிழ்ச்சி தம்பி. பான்ஜோவில் இனி டேப் சுற்றமாட்டேன். செம்பு வாஷர் பெட்டி ஒன்றுக்கு இன்றே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த எல்போவில் ஒழுங்காகச் சுற்றிய டேப்பும் இதே பலனைத் தந்திருக்கும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பம்ப் மேசை:
புதிதாகச் சுற்றும் நாளில் தந்திருக்கும், தம்பி. அடுத்த முறை யாராவது அதைக் கழற்றும்போது மரைப் பள்ளத்தில் சிக்கிய பழைய டேப் முழுவதையும் ஊசியால் எடுப்பார்களா என்பதே என் கவலை. ஃபீட் பம்பில் கிடைத்த அந்த நூல், எத்தனை பேர் கைபட்ட டேப்பிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?