வீட்டைவிட்டு ஓடும் பிள்ளைகள் பற்றிய தொலைக்காட்சிப் படம்: திரை ஏன் அடிக்கடி இருளுகிறது?

வெள்ளவத்தைவாசி (கேள்வி):
கடந்த போயா விடுமுறையில், மாமா வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய வீடியோ கசற்றுகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட படம். வீட்டைவிட்டு ஓடிய மூன்று பிள்ளைகள் ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போகிறார்கள். ஆரம்பப் பகுதி அழிந்திருந்ததால் பெயர் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, யாரோ கதவைத் தட்டும் நேரத்திலோ பொலிஸ் வாகனம் பின்னால் வரும் நேரத்திலோ, திரை முழுவதும் இருண்டுவிடுகிறது. மீண்டும் வெளிச்சம் வந்ததும் அந்த ஆபத்து அரை நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. பயணப் படமென்றாலும் வீதியைச் சரியாகக் காட்டவுமில்லை. கசற்று பழுதா, படமே இப்படித்தானா?

பழைய அன்ரனா:
கசற்றில் பிழையில்லை. இருளும் இடங்கள் விளம்பரத்துக்காக விடப்பட்டவை. 1969 இல் ஏபிசி அலைவரிசை வாரந்தோறும் புதிய தொலைக்காட்சிப் படமொன்றை ஒளிபரப்பத் தொடங்கியபோது, ஒதுக்கப்பட்ட 90 நிமிடத்தில் விளம்பரம் போகப் படத்துக்கு எஞ்சியது ஏறத்தாழ 74 நிமிடமே. இடைவேளையில் பார்ப்பவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடக் கூடாதென்பதற்காக, ஒவ்வோர் இடைவேளைக்கும் முன்னால் ஒரு திகிலை வைத்தே கதை எழுதினார்கள். உங்கள் படத்தில் கதவு தட்டப்படுவதும் அதற்காகத்தான். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1971 இல் அந்த வரிசைக்கு எடுத்த ‘டூயல்’ என்ற வீதிப் படம், பின்னர் ஐரோப்பியத் திரையரங்குகளுக்காக 90 நிமிடமாக நீட்டப்பட்டது. பாடசாலை பஸ் நின்றுபோகும் காட்சி அப்போது சேர்க்கப்பட்டதே.

மருதானை ரசிகை:
வீதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து, ஏறத்தாழச் சதுரமான 4:3 தொலைக்காட்சிப் பெட்டியில் பரந்த பாலைவனத்தைக் காட்டினால் கார் எறும்பாகிவிடும். ஆகவே கமரா காருக்குள் ஏறி, முகங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்துவிடுகிறது. ஓடிப்போகும் பிள்ளைகளின் கதைக்கு இது நட்டமில்லை, இலாபமென்றே நினைக்கிறேன். மூவரும் முழங்கால் இடிபட இருக்கையில், ஒருவர் சொல்லும் பொய் அடுத்தவர் முகத்தில் உடனே தெரிகிறது. நான் பார்த்த இத்தகைய படங்களில், திரும்பிப் போக நினைப்பவர் பெரும்பாலும் பின் இருக்கையில்தான் இருப்பார். உங்கள் படத்திலும் கவனித்துப் பாருங்கள்.

கோட்டைப் பயணி:
சகோதரி சொல்லும் இலாபம் கார் இருந்தால்தான் கிடைக்கும். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் 16 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம், இங்கே இலங்கையில் 18. நம் பிள்ளைகளை வைத்து இதே கதையை எடுத்தால், அவர்கள் கோட்டையில் பதுளை ரயில் ஏற வேண்டியிருக்கும். ஏறத்தாழ 290 கிலோமீற்றர் பயணம், ஆனால் ரம்புக்கனை வருவதற்குள் எதிர் இருக்கை அம்மா ஒருவர் வடைப் பொட்டலத்தை நீட்டி, “எந்த ஊர், யாருடைய பிள்ளைகள், வீட்டில் சொல்லிவிட்டா வந்தீர்கள்?” என்று கேட்டு முடித்திருப்பார். முதல் விளம்பரத்துக்கு முன்னரே படம் முடிந்துவிடும்!

வெள்ளவத்தைவாசி:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். பின் இருக்கையில் இளைய பெண்தான் இருக்கிறாள். மூன்றாவது முறை திரை இருளுவதற்குச் சற்று முன்னர், மற்ற இருவரும் பெற்றோல் நிரப்பிக்கொண்டிருக்கையில், அவள் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று சில்லறையை எண்ணுகிறாள். போயா அன்று அது என் கண்ணில் படவேயில்லை.