கிராமண்ட் பெண்சிங்கத்தின் வாயில் அகப்பட்ட மனிதன்

எடின்பரோ நகரில் சேம்பர்ஸ் தெருவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள், நுழைவுக் கட்டணம் ஏதுமில்லாத அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, கிராமண்ட் பெண்சிங்கம் என்ற ரோமானியர் காலத்துச் சிற்பத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று விரும்பியே என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்த வெண்மணற்கல் சிற்பத்தில் முதலில் கண்ணில் படுவது சிங்கத்தின் தலைதான். நான் அங்கிருந்து நகர முடியாமல் நின்றதோ, அதன் பற்கள் பதிந்திருக்கும் மண்டைக்குரிய மனிதனால். தாடி வைத்த முகமும் மேலுடலும் மட்டுமே அவனுக்குச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் நின்று பார்த்தால் அவன் சிங்கத்துக்கு இரையான ஒருவன், அவ்வளவே. பக்கவாட்டுக்கு வந்தால்தான் அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருப்பது தெரிகிறது. சிங்கத்தின் வயிற்றுக்கடியில் பீடத்தை ஒட்டி ஊர்ந்து வரும் இரண்டு பாம்புகளைப் பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

ஒரு ரோமானியக் கல்லறைக்கென்று செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் இந்தச் சிற்பத்தில், சிங்கம் மனிதரை விழுங்கும் மரணத்தையும், பாம்புகள் அழியாத ஆன்மாவையும் குறிக்கின்றன என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரணம் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்வதற்குக் கைகளைக் கட்ட வேண்டிய தேவையில்லை. கட்டுண்டவன் போர்க்கைதி. வடக்கே, அக்கால ஸ்காட்லாந்தின் பூர்வகுடிகளான கலிடோனியர்மீது படை நடத்திய ஒரு ரோமானிய அதிகாரியின் கல்லறைக்கு, தோற்ற பகைவனின் உருவமே அலங்காரமாகியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கொடுமையை மறைக்காமல் அவனுக்கும் ஒரு முகம் கொடுத்த சிற்பியின் திறமையை வியக்காமலும் இருக்க முடியவில்லை.

அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கிராமண்டுக்கும் சென்று வருவது நல்லது. ஆல்மண்ட் ஆறு ஃபோர்த் கழிமுகத்தில் கலக்கும் அந்த ஊரில், பொ.ஆ. 140 வாக்கில் எழுந்த ரோமானியக் கோட்டையின் அடித்தளச் சுவர்களைத் தேவாலயத்தை ஒட்டி இன்றும் காணலாம். 208ஆம் ஆண்டுக்குப் பின் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் படையெடுப்புக்கும் அதே கோட்டை பயன்பட்டது. 1997இல் ஆற்றைக் கடக்கப் படகு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் சேற்றில் புதைந்திருந்த இந்தச் சிற்பத்தைக் கண்டெடுத்தார். ஓதம் வடிந்த வேளையில் அந்தக் கரையில் நின்று, கருஞ்சேறு எவ்வளவு தூரம் விரிகிறது என்று பார்த்த பிறகுதான், அது அத்தனை நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது எப்படி என்பது எனக்கு விளங்கியது.

வட இங்கிலாந்துப் பக்கம் செல்லக்கூடியவர்கள், ரோமானியர் காலத்து இன்னொரு கற்சிற்பமான கார்பிரிட்ஜ் சிங்கத்தையும் பார்த்துவிட வேண்டும். 1907இல் அகழாய்வில் கிடைத்த அந்தச் சிங்கம் ஒரு விலங்கின்மேல் பாய்ந்து நிற்கிறது. கல்லறைக்கென்று செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் அதனைப் பிற்கால ரோமானியர்களே எடுத்து, வாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் நீரூற்றாக மாற்றிக்கொண்டார்கள்.