அப்டேட்: அக்கா பொண்ணு கஸ்டடி கேஸ்

அக்கா தவறினப்புறம் எங்ககிட்ட வளர்ற பாப்பாவ மாமா (அக்கா வீட்டுக்காரர், பாப்பாவோட அப்பா) திருப்பிக் கேட்டு, 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்துல (குழந்தைக்கு கார்டியன் யாருன்னு முடிவு பண்ற சட்டம்) ஃபேமிலி கோர்ட்ல மனு போட்டாருன்னு முன்னாடி எழுதியிருந்தேன்ல, ஆர்டர் வந்துருச்சு, பாப்பா மாமாகிட்டதான் போகணும்.

ஜட்ஜம்மா பாப்பாவ சேம்பர்ல தனியா கூப்ட்டுப் பேசினாங்க. மாமாவோட வக்கீல் 2019 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ண எடுத்து வச்சாரு, அதுலயும் அம்மா கேன்சர்ல இறந்து, அம்மாவோட கூடப்பொறந்தவங்ககிட்ட இருந்த குழந்தைய அப்பாகிட்டதான் குடுத்தாங்களாம், நம்ம கேஸ் மாதிரியே (எங்க வக்கீல் மொகத்த பாக்கணுமே).

உடனே இல்ல, பரீட்சை முடியுற வரைக்கும் சனி ஞாயிறு மட்டும் அங்க, லீவு விட்டதும் முழுசா. அப்புறம் மாசம் ரெண்டு வீக்எண்ட் எங்க வீட்டுக்கு வரும். அப்பீலுக்கு 30 நாள் டைம் இருக்கு, எங்கப்பா போகணும்ங்கறாரு, எனக்கென்னமோ வேணாம்னு தோணுது, மாமா கெட்டவர் இல்லையே.