சின்ன சரக்கு விமான கம்பெனியில் ஏன் யாருமே தங்குவதில்லை? சேரலாமா?

ஒற்றை_எஞ்சின்:
வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு, வயது 29. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டராக ஓட்டி ஓட்டி 1,230 மணி நேரம் சேர்த்துவிட்டேன். செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம் வைத்து ஒரு பெரிய கூரியர் நிறுவனத்துக்கு ஃபீடர் வேலை (பெரிய ஜெட் கொண்டுவரும் பெட்டிகளைச் சின்ன ஊர்களுக்குக் கொண்டுபோவது) செய்யும் சின்ன கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. இன்டர்வியூ என்றார்கள், போனால் இருபது நிமிடம் பேசிவிட்டு எப்போது சேரலாம் என்று கேட்கிறார்கள், அதுவே கொஞ்சம் பயமாகிவிட்டது. ஒரு வருட பாண்ட், அதாவது ஒப்பந்தம், நடுவில் போனால் பயிற்சிச் செலவை நான் கட்ட வேண்டும். அங்கே இருக்கும் ஒரு பைலட்டிடம் விசாரித்தேன், "நான் வந்து எட்டு மாதம் ஆகிறது, இந்த பேஸில் நான்தான் சீனியர்" என்று சிரிக்கிறார். சம்பளம்தான் பிரச்சினையா, வேறு ஏதாவது இருக்கிறதா? பேசாமல் 1,500 வரை இன்ஸ்ட்ரக்டராகவே இருந்துவிடலாமா?

கேரவன்_முன்னாள்:
தம்பி, அந்த எட்டு மாதம் தற்செயல் இல்லை, கணக்குப் போட்டுப் பார். கருவிகளை வைத்து மேகத்துக்குள் தனியாகச் சரக்கு ஓட்ட எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை ஆணையம்) கேட்பது 1,200 மணி நேரம். பயணிகள் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக, உட்கார 1,500. நடுவில் இருப்பது 300. ஃபீடரில் காலையில் ஒரு மணி நேரம் போய், சாயங்காலம் ஒரு மணி நேரம் திரும்பி வந்தால் மாதத்துக்கு நாற்பது சொச்சம்தான் தேறும். 300ஐ நாற்பதால் வகுத்தால் அந்த சீனியர் வந்துவிடுவார்.

இது எப்போதும் இப்படி இல்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் 2010இல் சட்டம் வந்து, 2013 ஆகஸ்டிலிருந்து ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1,500 என்று ஆனது. (அன்றைக்கு அதை ஓட்டிய இரண்டு பேருமே 1,500ஐத் தாண்டியவர்கள் என்பது தனிக்கதை.) அதற்கு முன்னால் 250 மணி நேர லைசென்ஸோடு ஏர்லைனில் ஏற சட்டம் இடம் கொடுத்தது, சரக்குக்குத்தான் அதிகம் வேண்டும், அதனால் இங்கே வருகிறவன் ஓட்டத் தெரிந்துகொண்டு கொஞ்ச நாள் இருந்தான். இப்போது சரக்குக் கம்பெனி கடைசிப் படிக்கட்டு, யாரும் படிக்கட்டில் குடியிருக்க மாட்டார்கள். ஏவியேஷன் டிகிரி முடித்தவனுக்கு 1,000 போதும் என்று சலுகை வேறு இருக்கிறது, அவன் இந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஏர்லைனில் கேப்டன் ஆக 1,500 மட்டும் போதாது, ஏர்லைன் வகை ஓட்டத்தில் 1,000 மணி நேரம் தனியாகக் காட்ட வேண்டும். கேரவனை ஒற்றை ஆளாக ஓட்டிய நேரம் அதில் சேராது. இங்கே நீ ராஜா, ராத்திரி இரண்டாயிரம் அடியில் இறங்கவா திரும்பவா என்று நீயே முடிவெடுப்பாய், அங்கே போனால் அந்தக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்குவாய். போதாக்குறைக்கு ஏர்லைனில் எல்லாமே சேர்ந்த தேதிதான். ஒரு மாதம் தாமதித்தால் உனக்கு முன்னால் எத்தனை பேர் நுழைந்தார்களோ அத்தனை பேரும் ரிட்டயர் ஆகும்வரை உனக்கு முன்னால்தான்.

ஒற்றை_எஞ்சின்:
அண்ணா, அப்படியானால் சம்பளம் பெரிய காரணம் இல்லையா?

கேரவன்_முன்னாள்:
இல்லை என்று யார் சொன்னது. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மூன்று ரீஜனல் கம்பெனிகளும் (சின்ன ஊர்களுக்கு ஓட்டும் துணை ஏர்லைன்கள்) புதிதாக வருகிறவனுக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தபோது எங்கள் பேஸில் அந்த வாரம் யாரும் வேறு பேச்சே பேசவில்லை. ஆனால் என்னை விரட்டியது பகல்தான். மூன்றரைக்கு அலாரம், ஐந்துக்கு ஹப்பில், அதாவது சரக்கு வந்து பிரியும் பெரிய விமான நிலையத்தில், நிற்க வேண்டும், பெரிய ஜெட் வந்து இறக்கியதில் நம் ஊர்ப் பெட்டிகளை ஏற்றி வலை கட்டி, ஏழரைக்கு ஒரு சின்ன ஊரில் இறங்கினால் சாயங்காலம் ஐந்து வரை அந்த ஊரிலேயே கிடக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு வாடகை வீடு, ஃபிரிட்ஜில் யாருடையதோ பழைய பீட்சா. தூக்கம் வராது, வேலையும் இல்லை. என் விமானத்தில் ஆட்டோபைலட் இல்லை, குளிர்காலத்தில் இறக்கையில் ஐஸ் பிடித்தால் பேச ஆளும் இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, அது வேறு விஷயம்.

ரோஸ்டர்காரன்:
எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவன். இதே மாதிரி ஒரு கம்பெனியில் ஆறு வருடம் ஆள் எடுக்கிற, ரோஸ்டர் (யார் எப்போது ஓட்டுவது என்ற பட்டியல்) போடுகிற வேலை பார்த்தேன். பாண்டைப் பார்த்து எல்லோரும் திட்டுகிறார்கள், சரி, ஆனால் ஒருவனை எடுத்துப் பாடம் நடத்தி, ஹோட்டல் போட்டு, செக் ரைடு என்ற ஓட்டுத் தேர்வு முடித்துத் தனியாக அனுப்புவதற்குள் ஒன்றரை மாதம் போய்விடும், பிழிந்தாலும் அவன் கொடுப்பது ஆறு மாதம். அவன் போன அன்று அவன் ரூட்டை சீஃப் பைலட் ஓட்டுவார், அவர் ஓட்டினால் அடுத்த ஆளுக்குப் பயிற்சி கொடுக்க யாருமில்லை. இந்தச் சுழலில்தான் சின்ன கம்பெனிகள் மூச்சு முட்டுகின்றன. சம்பளத்தை ஏற்றலாமே என்றால், கூரியர் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்த விலை நம் இஷ்டத்துக்கு நகராது.

பெரிய நிறுவனங்களும் சும்மா இல்லை. ஃபீடரில் இருந்துவிட்டு வந்தால் எங்களிடமே வரலாம் என்று 2018இல் ஃபெடெக்ஸ் 'பர்பிள் ரன்வே' தொடங்கியது. நல்ல யோசனைதான், ஆனால் மேலே கதவு சாத்தினால் கீழே வரிசை நகராது. 2023இல் ஃபெடெக்ஸிலேயே பைலட் அதிகம் என்று ஆகி, தங்கள் ஆட்களை ரீஜனல் பக்கம் யோசித்துப் பாருங்கள் என்றார்கள். ஏர்லைன்கள் ஆள் எடுப்பதைக் குறைத்த அதே சமயத்தில் எங்கள் மேஜையில் விண்ணப்பம் குவிந்தது, முந்தின வருடம் கெஞ்சியும் வராதவர்கள். நாங்கள் ஒன்றும் நல்லவர்களாகிவிடவில்லை.

என் அனுபவத்தில் தங்கியது ஒரே ரகம்: பெட்டி போய் இறங்குகிற அந்தச் சின்ன ஊரிலேயே வீடு இருப்பவர்கள். பகல் முழுக்க பிள்ளைகளோடு, ராத்திரி சொந்தக் கட்டில். ஒருவர் பதினோரு வருடம் இருந்தார், ஏர்லைன் கூப்பிட்டும் போகவில்லை.

மீனம்பாக்கம்_ரன்வே:
சென்னையிலிருந்து. இங்கே இந்தப் படிக்கட்டே இல்லை, 200 மணி நேரத்தில் லைசென்ஸ் வாங்கி நேராக ஏ320 பயணிகள் ஜெட்தான், அதுவும் இடம் கிடைத்தால். சரக்கு என்றால் நம்மூரில் ப்ளூ டார்ட் ஏவியேஷன், அவர்களுடைய போயிங் 757ஐ இந்தியாவில் வேறு யாரும் ஓட்டுவதில்லை, அந்த டைப் ரேட்டிங்கை (அந்த ரக விமானத்தை மட்டும் ஓட்டுவதற்கான தகுதி) வைத்துக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குத் தாவ முடியாது. அப்புறம் இங்கே பாண்டுக்கு மேல் நோட்டீஸ் உண்டு. 2017இல் டிஜிசிஏ (இந்திய விமானத் துறை ஆணையம்) கேப்டனுக்கு ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம் என்று போட்டது. அப்படியும் 2023இல் ஆகாசா ஏர்லைனிலிருந்து 43 பேர் நோட்டீஸ் முடிக்காமலே கிளம்பி, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

ஒற்றை_எஞ்சின்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன். பாண்ட் தொகை மாதாமாதம் குறையுமா என்றதற்கு முதலில் இல்லை என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, குறைத்துத் தருகிறோம் என்றார்கள். எந்த ஊரில் பகல் கழிக்க வேண்டும் என்று கேட்டால், என் மாமியார் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். வீட்டம்மா சிரித்தது இன்னும் நிற்கவில்லை.

கேரவன்_முன்னாள்:
சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. சேர்வதென்றால் அக்டோபருக்குள் சேர்ந்துவிடு, முதல் ஐஸை ஜனவரி ராத்திரியில் தனியாகப் பார்க்காதே.